ஏழாம் எண் வீட்டுத் தண்ணீரும் ஒரு நிரந்தரத் தீர்மானமும்

ஆல்பேர் ஓஹாயோனை இரண்டு இடங்களில் கண்டித்திருக்கிறார்கள். ஜெனீவாவில் நாட்டோடு சேர்த்து, ஜெருசலேமில் தனியாக. ஜெனீவா கண்டனத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமிதம்கூட இருக்கும். உலகமே ஒன்றுகூடித் திட்டும் அளவுக்கு வளர்வது சின்ன விஷயமா என்ன? ஜெருசலேம் கண்டனம் அப்படியல்ல. அதை நிறைவேற்றியது அவர் குடியிருக்கும் பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்தின் குழு. அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் காது மடல் சிவந்துவிடும்.

மொராக்கோவின் மெக்னெஸ் நகரில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். வெளியுறவுத் துறையில் ஓட்டுநராகச் சேர்ந்தார். பிரெஞ்சு பேசும் ஓட்டுநர் என்று ஜெனீவாவுக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் அவரை மறந்துவிட்டார்கள், அவரும் நினைவுபடுத்தவில்லை. ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். தூதரை மனித உரிமை அவையின் வாசலில் இறக்கிவிட்டு வண்டிக்குள் தூங்குவதுதான் ஓட்டுநர்களின் வழக்கம். ஆல்பேருக்குப் பகலில் தூக்கம் வராது. பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்து, மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிக்கொள்வார். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே, 'கவலை தெரிவிக்கிறது' எங்கே முடிந்து 'ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது' எங்கே தொடங்குகிறது, 'வருந்துகிறது' என்பதற்கும் 'வன்மையாகக் கண்டிக்கிறது' என்பதற்கும் நடுவே எத்தனை படி என்பதெல்லாம், சமைக்கிறவர்களுக்கு அடுப்புத் தீ போல அவருக்குப் பழகிவிட்டது.

அங்கே அவரை உறுத்தியது ஒன்றே ஒன்று. அந்த அவையின் கூட்ட நிரலில் உலகத்து நாடுகளின் அட்டூழியங்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பொருள்: பொருள் எண் நான்கு. பாலஸ்தீனப் பகுதிகளின் நிலைமை என்ற தலைப்பில் அவருடைய நாட்டைப் பேசுவதற்கென்று மட்டும் தனியாக, நிரந்தரமாக, ஒன்று: பொருள் எண் ஏழு.

"எந்த ராஜா எவன் நாக்க அறுத்தாலும் நாலாம் நம்பர்ல வரிசையில நிக்கணும்" என்பார். "எங்களுக்கு வரிசையே கிடையாது. நேரா உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சிருவாங்க. அவ்வளவு மரியாதை."

சில கூட்டங்களில் அந்தப் பொருள் வந்ததும் எதிர்ப்புத் தெரிவித்து, நாட்டின் நாற்காலியைக் காலியாக விட்டுவிடுவார்கள். பேசுகிறவர்கள் காலி நாற்காலியைப் பார்த்துத் திட்டுவார்கள். மாடத்தில் இருந்த ஆல்பேருக்கு எல்லாம் கேட்கும். "நாற்காலிக்கு என்ன வலிக்கப் போவுது? கேட்டுக்கிட்டு இருந்தவன் நான்தானே!"

அந்தப் பொருள் நீக்கப்படுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவேன் என்று மனைவி சிமோனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு வந்தது, பொருள் போகவில்லை. ஊர் திரும்பி, ஜெருசலேமின் கிர்யாத் யோவெல் பகுதியில், மூன்றாவது தளத்தில் ஒரு வீடு வாங்கினார்கள். கதவில் எண் ஏழு என்று இருந்தது. சிமோன் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

தண்ணீர் விஷயம் இரண்டாவது கோடையில் தொடங்கியது. ஏழாம் எண் வீட்டு ஏ.சி.யிலிருந்து வெளியேறும் தண்ணீர், வெடித்துப்போன பிளாஸ்டிக் குழாய் வழியாகக் கீழ்வீட்டுப் பால்கனியில் சொட்டியது. அரை நாள் வேலை. ஆல்பேர் அந்த வாரமே ஆளைக் கூப்பிடுவதாகத்தான் இருந்தார். ஆனால் அதற்குள் குழுத் தலைவி ஹானா டீச்சர், நுழைவாயில் பலகையில் கூட்ட நிரலை ஒட்டிவிட்டாள். படிக்கட்டு விளக்கு, குப்பைத் தொட்டி, தோட்டம், இதர பொது விஷயங்கள். கடைசியில் தனியாக: 'ஏழாம் எண் வீடு'.

ஆல்பேர் பலகையின் முன் நின்றார். ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு மேலே வந்து, குழாய் ரிப்பேர்காரனைப் போனில் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஏன்?" என்றாள் சிமோன்.

"நிர்ப்பந்தத்துல எதுவும் செய்ய முடியாது. கொள்கை."

"தண்ணி சொட்டுது, ஆல்பேர்."

"சொட்டட்டும். இந்தக் கட்டடத்துல சொட்டாத வீடு எது? பன்னெண்டு வீட்டுக்கும் ஒரே பொருள்னு போடச் சொல்லு. இப்பவே ஆளக் கூப்பிடறேன்."

அன்று தொடங்கியது. குழாயைச் சரிசெய்யாத வரை பொருளை நீக்க முடியாது என்றாள் ஹானா டீச்சர். பொருளை நீக்காத வரை குழாயைத் தொட மாட்டேன் என்றார் ஆல்பேர். வருடம் தவறாமல் யூதப் புத்தாண்டுக்கு முந்தைய மாதத்தில் கூட்டம் நடக்கும். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் மாதம் அது. சண்டையையும் மன்னிப்பையும் ஒரே மாதத்தில் முடித்துக்கொள்ளலாம் என்பது டீச்சரின் ஏற்பாடு. வருடம் தவறாமல் ஏழாம் எண் வீட்டின் மீது ஒரு தீர்மானம் நிறைவேறும். முதல் வருடம் 'கேட்டுக்கொள்கிறது'. அடுத்து 'வருந்துகிறது'. போன வருடம் 'கண்டிக்கிறது' வந்துவிட்டது. வாசகங்கள் ஏறிக்கொண்டே போயின. தண்ணீர் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த வருடம் சிமோன் பொறுமை இழந்தாள்.

"காய்கறிக் கடைக்காரன் கேக்கறான், நீங்கதானே அந்த ஏழாம் நம்பர்னு. பலகையில பேரப் படிச்சிட்டு மூணு மாடி ஏற என்னால முடியல. இந்தக் கூட்டத்துல அந்த வரி போகணும். போகலைன்னா பண்டிகைக்கு முன்னாடி நான் நெத்தன்யாவுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீ உன் கொள்கைய வறுத்துச் சாப்பிடு."

நாற்பத்தைந்து வருட வாழ்க்கையில் அவள் அக்கா வீட்டைப் பற்றி இப்படிச் சொன்னது இதுவே முதல்முறை. பயணப்பையும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. ஆல்பேர் பயந்துபோனார்.

பயந்த ராஜதந்திரி செய்வதை அவரும் செய்தார்: ஆதரவு திரட்டக் கிளம்பினார்.

முதலில் ஒன்பதாம் எண் வீட்டுத் திருமதி தொலெதானோ. அங்கே போகவே தேவையில்லை, மரியாதைக்காகப் போனார். காது மந்தமான அந்தக் கிழவி, எது வந்தாலும் ஆல்பேரின் பக்கம் கை தூக்குவாள். வெள்ளிக்கிழமை தோறும் சிமோன் அனுப்பும் மிளகாய்க் குழம்பு மீன்தான் இந்த நட்புறவின் அடித்தளம். நியூயார்க் பொதுச்சபையில், வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய பசிபிக் தீவு ஒன்று அவர் நாட்டுக்குத் தவறாமல் வாக்களிக்கும். அந்த நன்றியில் கிழவியை அவர் 'என் மைக்ரோனேசியா' என்று அழைத்தார்.

அடுத்து பதினோராம் எண், ஃபீமா. லெனின்கிராடிலிருந்து வந்தவர், இசைக்குழுவில் டூபா என்னும் பெரிய ஊதுகருவியை வாசித்து ஓய்வு பெற்றவர். எந்த வாக்கெடுப்பிலும் கை தூக்கியதில்லை. ஆல்பேர் தன் கையால் இடித்து ஊறவைத்த ஆலிவ் காய் ஒரு ஜாடி கொண்டுபோனார்.

"ஆலிவ் பிரமாதம்" என்றார் ஃபீமா, ஐந்தாவதை வாயில் போட்டபடி. "ஆனா கை தூக்க மாட்டேன்."

"எனக்கு எதிராவும் தூக்க வேணாம், எனக்காகவும் தூக்க வேணாம், நியாயத்துக்காகத் தூக்குங்களேன்."

"ஆல்பேர், அந்த ஊர்ல நாப்பது வருஷம் எல்லாத்துக்கும் கை தூக்கினேன். என்னன்னே தெரியாம தூக்கினேன். தோள்பட்டை போச்சு. இங்க வந்ததே கைய மடியில வெச்சுக்கத்தான். அதுதான் சுதந்திரம். ஜாடிய விட்டுட்டுப் போறீங்களா?"

ஜாடியை விட்டுவிட்டு வந்தார்.

மிகக் கடினமான வீடு இரண்டாம் எண். யிகால் பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவம் கற்பிக்கிறவன். ஆல்பேரை அவனுக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் எதிர்த்து வாக்களித்தான்.

"உங்க மேல அக்கறை இருக்கறதாலதான் சொல்றேன்" என்றான், காப்பியை நீட்டியபடி. "மத்தவங்க சொட்டினா அது வெறும் சொட்டு. நீங்க உலகம் பாத்த ஆளு. உங்ககிட்ட நாங்க அதிகமா எதிர்பாக்கறோம்."

"கொஞ்சம் கம்மியா எதிர்பாத்துத் தொலையேன்ப்பா."

"அது உங்கள அவமானப்படுத்தற மாதிரி இல்லையா?"

"இல்ல. முயற்சி பண்ணிப் பாரு."

யிகால் சிரித்தான். மாறவில்லை. ஆனால் 'எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுகோல்' என்ற வாதத்தில் தத்துவ அளவில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னான். அவன் யோசித்ததன் விளைவு பின்னால் வரும்.

நாலாம் எண் வீட்டுக்கு ஆல்பேர் ஆதரவு கேட்டுப் போகவில்லை. தேநீர் குடிக்கப் போனார். அங்கே வாக்கு கிடையாது. நிஸார் காலைலி கலிலேயாவிலிருந்து வந்த பாலஸ்தீனியன், பல் மருத்துவன், வாடகைக்கு இருப்பவன். வீட்டுச் சொந்தக்காரர் மாண்ட்ரியலில் இருந்தார். குடியிருப்போர் கூட்டத்தில் வாடகைக்காரர்கள் உட்காரலாம், பேச அனுமதி கேட்கலாம், வாக்களிக்க முடியாது. ஜெனீவா பாஷையில் பார்வையாளர் தகுதி. மெக்னெஸ் அரபியும் கலிலேயா அரபியும் ஒன்றையொன்று பாதிதான் புரிந்துகொள்ளும். மீதியை எபிரேயத்தில் ஒட்டுப்போட்டு இருவரும் பேசிக்கொள்வார்கள். ஆல்பேரின் மூத்த மகன் பெயர் ஆரோன் என்பதால் நிஸார் அவரை 'அபூ ஆரோன்' என்பான்.

பால்கனியில் உட்கார்ந்தார்கள். மேலேயிருந்து தண்ணீர் நீல வாளியில் சொட்டியது. வாளிக்குப் பக்கத்தில் ஐந்தாறு தொட்டிகளில் அந்தத் தண்ணீரைக் குடித்தே புதினா காடாக வளர்ந்திருந்தது. அதைக் கிள்ளிப் போட்ட தேநீரைத்தான் ஆல்பேர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பாரபட்சம், டாக்டர். சுத்தப் பாரபட்சம். ஒரு கட்டடத்துல ஒரே ஒருத்தன் பேருக்குத் தனிப் பொருள்."

"பாரபட்சம்தான்" என்றான் நிஸார்.

ஆல்பேர் கோப்பையை வைத்தார். இத்தனை வருடத்தில் இந்தச் சொல்லை யாரும் இவ்வளவு சுலபமாக அவருக்குக் கொடுத்ததில்லை.

"டீச்சருக்கு உங்களப் பிடிக்காது. உங்க ரேடியோ பிடிக்காது, மீன் வாசனை பிடிக்காது. பாரபட்சம் இல்லன்னு யாராவது சொன்னா பொய்." நிஸார் வாளியைக் காலால் கொஞ்சம் நகர்த்தினான். "தண்ணியும் சொட்டுது, அபூ ஆரோன்."

"அது வேற விஷயம்."

"வேற விஷயம்தான். ரெண்டும் இருக்கு. அவ்வளவுதான் சொல்றேன்."

"ஜெனீவாவுல இந்த ரெண்டையும் ஒரே வாயால ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்ல."

"அங்க யாரு தலையிலயும் சொட்டலையோ என்னவோ." அவன் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினான். "நீங்க இந்தக் கட்டடத்துல மட்டும்தான் ஏழாம் நம்பர். நான் விமான நிலையத்துல ஏழாம் நம்பர், பேங்குல ஏழாம் நம்பர், வாடகைக்கு வீடு கேட்டு போன் பண்ணி என் பேரச் சொன்னதும் ஏழாம் நம்பர். ஆனாலும் நீங்க புலம்பறதுதான் அழகா இருக்கு. உங்களுக்குப் பயிற்சி அதிகம்."

ஆல்பேருக்கு உடனே ஒரு பதில் தோன்றியது. அது பொருள் எண் நாலில் தொடங்கி வெகுதூரம் போகும் பதில். "ஆனா ஜெனீவாவுல..." என்று ஆரம்பித்தார்.

"ஜெனீவாவ விடுங்க, டீ ஆறுது."

கூட்டம் வழக்கம்போலக் கட்டடத்தின் அடியிலுள்ள பதுங்கு அறையில் நடந்தது. நாள் பார்த்தது சரியில்லை. அன்று கால்பந்தில் ஜெருசலேம் அணி ஆடியது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஐந்து பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள்: ஹானா டீச்சர், யிகால், ஃபீமா, திருமதி தொலெதானோ, ஆல்பேர். ஓரமாக, பழைய மெத்தை மேல், பார்வையாளராக நிஸார். சிமோன் மேலே வீட்டில் இருந்தாள். வரும்போது ஆல்பேர் பார்த்தார்: பயணப்பைக்குள் கோடைச் செருப்பும் தலையணை உறையும் போயிருந்தன.

ஹானா டீச்சர் ஆட்களை எண்ணினாள். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள். ஐந்தை எண்ணவும் நேரம் எடுத்துக்கொள்வாள்.

"ஏழு வீடு வேணும். அஞ்சுதான் இருக்கு. கூட்டம் செல்லாது. போன வருஷத் தீர்மானங்கள் அப்படியே நீடிக்கும்."

"டீச்சர், பத்து நிமிஷம் பாக்கலாமே. நான் போய் ரெண்டு கதவத் தட்டிட்டு..."

"விதிப்படி அழைப்பு பலகையில. கதவுல இல்ல."

நீடிக்கும். இந்த ஒரு சொல்லை ஆல்பேர் வாழ்க்கையில் எத்தனை தடவை கேட்டிருக்கிறார்! நெத்தன்யா பஸ் அவர் கண் முன்னால் வந்து நின்றது. அதில் சிமோன் ஏறினாள்.

அந்த நேரத்தில்தான் ஏவுகணை வருவதை எச்சரிக்கும் அபாயச் சங்கு ஊதியது.

ஊரே ஓட வேண்டிய நேரம். பதுங்கு அறையில் இருந்த ஆறு பேரும் மட்டும் ஏற்கெனவே ஓடிவந்துவிட்டவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மூன்றாம் எண்காரர் தலையில் ஷாம்பூ நுரையோடு வந்தார். ஐந்தாம் எண் குடும்பம் பாதி வெந்த நூடுல்ஸ் பாத்திரத்தோடு வந்தது. எட்டாம் எண்காரன் கைபேசியில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே சுவரில் மோதினான். கடைசியாக சிமோன், கையில் பயணப்பையோடு. கனத்த கதவைச் சாத்தினார்கள்.

ஆல்பேர் மெதுவாகத் தலைகளை எண்ணினார். பிறகு எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை. கூட்டத்துக்கு வேண்டிய எண்ணிக்கை வந்துடுச்சு."

"இது கூட்டமில்ல ஆல்பேர், சங்கு ஊதியிருக்கு!"

"அறிவிச்ச இடம் இதுதான். அறிவிச்ச நேரம் இதுதான். பதினொரு வீடு உள்ள இருக்கு. எதுக்காக வந்தாங்கன்னு விதியில கேக்கல." அவர் கதவைக் காட்டினார். "பத்து நிமிஷத்துக்கு ஒருத்தரும் வெளிய போகவும் முடியாது. ஜெனீவாவுல இப்படி ஒரு வசதி இருந்திருந்தா!"

ஹானா டீச்சர் நேர்மையானவள். ஆல்பேரைப் பிடிக்காது என்பதும் உண்மை. தப்பான விடைக்கு மதிப்பெண் போடமாட்டாள், சரியான விடைக்குக் குறைக்கவும் மாட்டாள் என்பதும் உண்மை. உதட்டைக் கடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கூட்டம் தொடங்குது. ஏழாம் எண் வீட்டுப் பொருளை நீக்கணும்னு ஏழாம் எண் வீடு கோருது."

"ஒரு திருத்தம்" என்று யிகால் கை தூக்கினான். முகத்தில் தத்துவத்தின் ஒளி. "நான் யோசிச்சேன். ஆல்பேர் சொல்றதுல நியாயம் இருக்கு. ஒரு வீட்ட மட்டும் பேசறது சரியில்ல. நீக்க வேணாம், விரிவாக்குவோம். 'எல்லா வீடுகளும்'னு மாத்துவோம். ஏ.சி. தண்ணி, அனுமதி வாங்காம அடைச்ச பால்கனி, மத்தியானத் தூக்க நேரத்துல சத்தம், மாடிப்படியில சைக்கிள். எல்லாருக்கும் ஒரே அளவுகோல்."

அறையில் குண்டு விழுந்ததுபோல அமைதி. வெளியே தூரத்தில் நிஜமாகவே ஏதோ வெடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த ஊரில் பால்கனியை அனுமதி வாங்கி அடைத்தவன் எவன் இருக்கிறான்? ஷாம்பூக்காரர் இரண்டு பால்கனியை அடைத்து மகனுக்குக் கல்யாணமே செய்து வைத்திருந்தார். ஃபீமா தன் டூபாவை நினைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. ஐந்தாம் எண்காரி நூடுல்ஸைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்றார் ஷாம்பூக்காரர். "நாம சொட்டறதப் பத்தித்தானே பேசிக்கிட்டு இருந்தோம்?"

"பொதுவா பேசினா பிரச்சினையோட கூர்மை போயிடும்" என்றாள் ஐந்தாம் எண்காரி. அவள் இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரித்தவர் யிகால் ஒருவன்தான். ஆல்பேர்கூடக் கை தூக்கவில்லை. அவருடைய பால்கனியும் அடைக்கப்பட்டதுதான். வாழ்நாள் முழுவதும் கேட்டுவந்த நீதி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றபோது, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமோன் அதைக் கவனித்தாள். பயணப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

பிறகு அசல் கோரிக்கை. நீக்குவதற்கு ஐந்து கைகள்: யிகாலின் அளவுகோலைக் கண்டு அரண்டுபோன சிலர், ஆல்பேர், தூங்கிக்கொண்டே கை தூக்கிய மைக்ரோனேசியா. வேண்டாம் என்று ஐந்து கைகள். ஃபீமாவின் கைகள் மடியில்.

"சமம்" என்றாள் ஹானா டீச்சர். "சமம்னா கோரிக்கை விழுந்துது."

"மன்னிக்கணும்" என்றான் நிஸார் மெத்தையிலிருந்து. "எங்க வீட்டுச் சொந்தக்காரர் போன வாரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். படிக்கலாமா?"

கைபேசியை டீச்சரிடம் நீட்டினான். அவள் கண்ணாடியை மாட்டிப் படித்தாள். 'கூட்டத்தில் எனக்குப் பதிலாக நீங்களே வாக்களியுங்கள், டாக்டர். எனக்குச் செலவு மட்டும் வைக்காதீர்கள்.' தேதி பார்த்தாள். பெயர் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"செல்லும்" என்றாள்.

எல்லோரும் பார்வையாளரைப் பார்த்தார்கள். ஆல்பேரின் விவகாரம் கடைசியில் ஒரு பாலஸ்தீனியனின் வாக்கில் வந்து தொங்கும் என்று ஜெனீவாவில் யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளை அவர் காரிலிருந்தே இறக்கிவிட்டிருப்பார்.

"முதல்ல ஒரு கேள்வி" என்றான் நிஸார். "இத்தன வருஷமா தீர்மானம் போடறீங்க. 'கீழ்வீட்டின் துன்பம்'னு அதுல எழுதறீங்க. அந்தக் கீழ்வீடு நான்தான். யாராவது ஒருத்தர் வந்து பாத்தீங்களா?"

"உங்களுக்காகத்தானே போராடறோம்!" என்றாள் ஹானா டீச்சர், உண்மையாகவே மனம் புண்பட்டு.

"தெரியும் டீச்சர். என் வாளி என்ன நிறம்?"

யாருக்கும் தெரியவில்லை. ஆல்பேருக்குத் தெரியும்; ஆனால் அவர் சொல்லக்கூடிய நிலையில் இல்லை.

"நீக்கறதுக்கு வாக்களிக்கறேன்" என்றான் நிஸார். "இது தண்டனைப் பொருள். குழாய்ப் பொருள் இல்ல. நீக்கினதும் அபூ ஆரோன் குழாய மாத்துவார். மாத்தலைன்னா, அடுத்த தடவ பல்வலின்னு வரும்போது மரத்துப்போற ஊசி தீந்துபோச்சுன்னு சொல்லிடுவேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் கனத்த கதவு திறக்கப்பட்டது. எட்டாம் எண்காரனின் கைபேசியில் ஜெருசலேம் அணி கோல் வாங்கியிருந்தது. நுரையும் நூடுல்ஸும் மேலே போயின. ஏழாம் எண் வீட்டுப் பொருள் நீக்கப்பட்டது என்று ஹானா டீச்சர் தன் கையாலேயே எழுதினாள்.

படியேறும்போது ஆல்பேர் பயணப்பையை வாங்கிக்கொண்டார். சிமோன் கொடுத்தாள்.

"ஜெயிச்சிட்டே" என்றாள். "காலையில ஆளக் கூப்பிடு."

மறுநாள் குழாய்காரன் வந்தான். அரை நாள்கூட ஆகவில்லை. ஆல்பேர் கீழே இறங்கி, நிஸாரின் பால்கனியில் புதினாத் தொட்டிகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தார். புதுக் குழாய் பளபளவென்று சுவரோடு ஒட்டிப் போயிருந்தது.

டொக்.

நீல வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

இருவரும் மேலே பார்த்தார்கள். ஏழாம் எண் வீட்டையும் தாண்டி, அதற்கும் மேலே, பத்தாம் எண் வீட்டுப் பால்கனி விளிம்பில் பூந்தொட்டிகளின் வரிசை. தொட்டிகளின் அடியில் ஈரம். அங்கிருந்து சுவரோரமாக ஒரு பச்சைப் பாசிக்கோடு ஆல்பேரின் ஏ.சி.யின் முதுகு வரை இறங்கியிருந்தது. பாசி ஒரு கோடையில் வளர்ந்ததாகத் தெரியவில்லை.

பத்தாம் எண் வீடு ஹானா டீச்சருடையது.

"பாதி அவங்களோடது போலிருக்கு" என்றான் நிஸார்.

"பாதி!" என்றார் ஆல்பேர். அவர் முகத்தில் எழுந்த ஒளியைப் பார்த்து நிஸாருக்கே பயமாகிவிட்டது.

"அபூ ஆரோன், தன்மையாப் பேசுங்க."

"ராஜதந்திரமாப் பேசறேன்."

படியேறிப் போகிற வழியில், தன் வீட்டு வாசலில் நின்ற சிமோனைக் கடந்தார். நெத்தன்யா என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் முதுகுக்குச் சொன்னாள். அதனால் மேலே போய்ச் சேர்வதற்குள் அவர் தன் வாசகத்தை 'கண்டிக்கிறது' என்பதிலிருந்து 'கவனத்தில் கொள்கிறது' வரை இறக்கி வைத்திருந்தார். ஹானா டீச்சர் கதவைத் திறந்தாள். கையில் பூவாளி.

ஆல்பேர் அவள் நேர்மையைப் பாராட்டினார். நேற்றைய கூட்டத்தை நடத்திய விதத்தைப் பாராட்டினார். செடிகளைப் பாராட்டினார். அதன் பிறகே செடித் தண்ணீர் கீழே இரண்டு மாடிக்குப் போவதை, மிகுந்த மரியாதையோடு, குறிப்பிட்டார்.

ஹானா டீச்சரின் கழுத்து சிவந்தது.

"இந்தக் கட்டடத்துல யாரு வீட்டுல பூந்தொட்டி இல்ல? பதினொண்ணுல இல்லையா? பன்னெண்டுல இல்லையா? அங்கெல்லாம் போனீங்களா? நேரா என் கதவத்தான் தட்டத் தோணுது! ஏன்னா நான் ஹானா. அதுதானே? வேற காரணம் என்ன? இது சுத்தப் பாரபட்சம்!"

ஆல்பேர் வாயைத் திறந்தார். 'உங்களுக்கு எதிரா ஒண்ணுமில்ல டீச்சர், தண்ணிக்குத்தான் எதிரா' என்ற வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அந்த வாக்கியத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். அதன் முன்னும் பின்னும் வரும் வாக்கியங்களும் தெரியும். மாடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் காதிலிருந்து கருவியைப் பிடுங்கி எறியலாம் போல அவருக்கு இருந்திருக்கிறது.

கதவு சாத்தப்பட்டது. படிக்கட்டு விளக்கு அதன் வழக்கப்படி தானாக அணைந்தது. ஆல்பேர் சன்னல் இல்லாத அந்த இருட்டில் பொத்தானைத் தேடாமல் நின்றார்.

"என்ன சொல்றாங்க?" கீழேயிருந்து நிஸாரின் குரல் வந்தது.

"பாரபட்சம்னு சொல்றாங்க."

"நிஜமாவா?"

ஆல்பேர் யோசித்தார். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் பூந்தொட்டிகள் இருந்தன. அங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"கொஞ்சம்" என்றார்.

"தண்ணி?"

"அதுவும்தான்."

"சரி, எறங்கி வாங்க" என்றான் நிஸார். "டீ போட்டிருக்கேன். புதினாவ இனிமே கொஞ்சமாத்தான் போட முடியும்."